இரண்டு பாட்டிலும் ஒரு டப்பாவும்

1

இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தங்கள் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று ஊருக்கே காட்டாவிட்டால் சோறு இறங்குவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறான். முன்னே பின்னே பார்த்த முகமில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, கெட்ட கொழுப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள் என்கிறான். நான் என்ன செய்ய வேண்டும், கைதட்ட வேண்டுமா? முன்பு குழந்தை போட்டோ காட்டினார்கள். மூக்கு அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்கலாம். ரிப்போர்ட்டுக்கு என்ன சொல்லித் தப்பிப்பது?

அப்படிக் காட்டாத ஒருத்தியை ஒரே ஒரு தடவை பார்த்தேன். காட்டாமல் வாயால் சொன்னாள். அதுதான் இந்தக் கதை. எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து எடுத்துக் காட்டுகிற வித்தை எனக்கு வராது. நான் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. கதை எழுதுகிறேன் என்றால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். கூட வந்திருந்த என் மனைவி, "அது கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, மூன்றாவது மாடியில் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பினார். மனைவி கீழே இருந்துவிட்டாள். நான் மட்டும் ஏறினேன்.

மேலே ஒரு சிஸ்டர். கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண். சேருகிறவர்கள் எல்லோரும் பழைய மாத்திரையை எப்போதும்போலச் சாப்பிட வேண்டும் என்றாள். அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பிரித்துவிடும். அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவனுக்கும் தெரியாது.

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் தெரியும்யா."

"அதுக்குள்ள நான் முடிஞ்சிட்டா?"

"அதுவும் கணக்குல வரும்" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பெண். அதற்காகவே அவளைப் பிடித்தது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

*மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தனியாக* [நிறுத்து. மழை இல்லை. வெயில் பிளந்துகொண்டிருந்தது. தனியாகவும் இல்லை, பக்கத்தில் நான்தான் இருந்தேனே.]

*மனித உடலில் கொழுப்பு என்பது நல்லது, கெட்டது என இருவகைப்படும். அவற்றுள்* [இது எவனோ எழுதிவைத்த பாடம். எனக்கு எதற்கு?]

*அப்பா செத்தபோது அவர் முகத்தில் பாதி சோப்பு நுரை இருந்தது.*

இதை வைத்துக்கொள்கிறேன். அவள் வாயிலிருந்து வந்ததே அப்படித்தான். நான் யாரம்மா என்று கேட்கவுமில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சிஸ்டரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். "நீங்க சேரலன்னா உங்ககிட்ட சொல்லலாம்" என்று ஆரம்பித்தாள். என்ன கணக்கோ! வெளியாள் என்றால் வயிற்றில் உள்ளதைக் கொட்டலாம் போலிருக்கிறது. நானாக இருந்தால் வெளியாளிடம் மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டேன்.

3

அப்பா செத்தபோது அவர் முகத்தில் பாதி சோப்பு நுரை இருந்தது. மீதிப் பாதி மழமழவென்று சிரைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குண்டு மனிதர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. நாற்பதைத் தொட்டு ஒன்றிரண்டு வருஷம்தான். அவள் அப்போது தாவணி போடுகிற வயசு. தம்பி பால்பல் விழாத பயல்.

[தாவணி வேண்டாம். எந்த உடுப்பும் வேண்டாம். "அவள் அப்போது பெரிய பிள்ளை" என்று வாசித்துக்கொள்ளுங்கள்.]

அம்மா வேலைக்குப் போனாள். அக்காதான் தம்பியை வளர்த்தாள். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அதை வேகவைத்துத் தையல் நூலால் இரண்டாக அறுப்பாள். கத்தி வைத்தால் மஞ்சள் ஒட்டிக்கொண்டு ஒருவருக்குக் குறைந்துவிடுமாம். நூல் என்றால் சரிபாதி. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஏற்கனவே ரத்தத்தில் எண்ணெய்ச் செட்டியே குடியிருந்த இரண்டு பேர் ஒரு முட்டைக்கு இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள்.

[எண்ணெய்ச் செட்டியே என்பது சரியில்லை. எண்ணெய் ஆலையே என்று இருக்கட்டும்.]

அந்த நூல்தான் அவளுக்குச் சோறு போட்டது. கடைத்தெருவில் ரெடிமேட் துணிகளைத் திருத்தித் தருகிற ஒரு மெஷின் கடை வைத்தாள். பேண்ட் உயரம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்றுவிட்டு தம்பியோடேயே இருந்துவிட்டாள். தம்பி லிப்ட் மெக்கானிக். உயர உயரமான கட்டடங்களில் கம்பிக்கயிற்றுக்கு நடுவே தொங்குகிற வேலை. அவனுக்கு மனைவி வந்தாள், ஒரு பெண்குழந்தை பிறந்தது.

மெஷின் மிதிக்கும்போதுதான் அவளுக்குக் குதிகாலில் ஏதோ தட்டுப்பட்டது. நரம்பு தடித்துக் கட்டி கட்டியாக இருந்தது. கண் இமையோரம் மஞ்சளாகப் படை மாதிரி. டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கூட்டிவாருங்கள் என்றார். தம்பிக்கும் அதே கட்டி, முழங்கையிலும் சேர்த்து. பிறக்கும்போதே அப்பாவிடமிருந்து வந்தது, இதற்குச் சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது என்றார். பழைய மாத்திரையை உச்ச அளவுக்குக் கொடுத்தும் இரண்டு பேருக்கும் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. புது மருந்து ஆராய்ச்சி ஒன்று வருகிறது என்று மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்.

4

எனக்குச் சொன்ன அதே பாட்டைத்தான் சிஸ்டர் அவர்களுக்கும் பாடியிருப்பாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. தையல்காரி காது கொடுத்துத்தான் கேட்டாள். ஆனால் காது வழியாகப் போனது உள்ளே போய் வேறு உருவில் உட்கார்ந்துகொண்டது. வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறோம், பாதிக்கு மருந்து, பாதிக்கு மாவு, அப்படியென்றால் எங்களில் ஒருத்தருக்கு நிஜம், ஒருத்தருக்குப் பொய். அவளுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பாதி என்றால் அவளுக்குத் தெரிந்தது அந்த முட்டைதான்.

[இங்கே நான் ஒரு மேதாவி மாதிரி குறுக்கே புகுந்து, "அப்படியில்லை, இரண்டு பேருக்குமே நிஜம் வரலாம், இரண்டு பேருக்குமே மாவு வரலாம்" என்று விளக்க வேண்டுமாம். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது.]

முதல் பாட்டில்கள் இரண்டையும் வாங்கி வந்த அன்றே அடுப்படியில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்தாள். தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். தம்பி பாட்டிலைக் கவிழ்த்தாள். கையை விட்டுக் கலக்கினாள். தினமும் காலையில் ஆளுக்கு ஒன்று. அதிர்ஷ்டம் யாருக்கு இருந்தாலும் இரண்டு பேருக்கும் பாதியாவது போய்ச் சேரட்டும்.

தம்பி தடுக்கவில்லை. "இது தப்பில்லையாக்கா?" என்று கேட்டானாம். "எது தப்பு? உன் பாட்டில எடுத்து நான் முழுங்குறேன், என் பாட்டில எடுத்து நீ முழுங்குற. திருடிட்டா வந்தோம்?" என்றாளாம். அவன் சரி என்று வேலைக்குப் போய்விட்டான்.

மாதா மாதம் போனார்கள். மிச்சம் எத்தனை மாத்திரை என்று சிஸ்டர் பார்ப்பாள். கிளம்புமுன் டப்பாவில் மிஞ்சியதைச் சரிபாதியாக இரண்டு பாட்டிலிலும் திருப்பிப் போட்டுவிடுவாள். கணக்கு இம்மி பிசகாது, ஏனென்றால் தினம் ஆளுக்கு ஒன்று என்பது மாறவில்லையே. ரத்தம் எடுப்பாள். அளவு மட்டும் சொல்ல மாட்டாள். அது பூட்டிய விஷயம், வெளியே பரிசோதனைக்கும் போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

5

தையல்காரியைக் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டால் நான் கதைக்காரனா, டீக்கடை ரேடியோவா?

அவள் வெளியே பரிசோதனைக்குப் போனாள். ஏன் போனாள் என்றால், கடைக்குப் பக்கத்திலேயே ஒரு லேப் இருந்தது, அங்கே ஊசி குத்துகிற பெண் இவளிடம் துணி திருத்தக் கொடுப்பாள், ஒருநாள் பேச்சு வாக்கில் எடுத்துவிட்டோம் என்றாள். பேச்சு வாக்கில் ஒருத்தி தன் ரத்தத்தோடு தம்பியையும் இழுத்துப் போய் அவன் ரத்தத்தையும் கொடுப்பாளா? வேண்டுமென்றே போனாள் என்றுதான் நான் எழுதுவேன். பொறுக்க முடியாமல் போனாள். அவள் வந்து சண்டை போட்டால் போடட்டும்.

இரண்டு பேருக்கும் ஓரளவு இறங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரே அளவு. தம்பி, "பாத்தியா, உன் டப்பா வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட்டான். அவள் சந்தோஷப்படவில்லை. டாக்டர் இறங்க வேண்டும் என்று சொன்ன இடத்துக்கு இரண்டு பேருமே வரவில்லை. பாதி பாதியாகப் பிரித்ததில் இரண்டு பேரும் பாதிக் கிணறு தாண்டி நின்றார்கள். இதில் ஒரு பாட்டில் நிஜம் என்பது மட்டும் தெரிந்துபோயிற்று. எது?

அடுத்த மாதம் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவரவர் பாட்டில் அவரவருக்கு. தம்பியிடம், சிஸ்டருக்குச் சந்தேகம் வந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொன்னாள். இரண்டு மாதம் பொறுத்து மறுபடியும் லேப்.

அவளுக்குச் சரசரவென்று இறங்கியிருந்தது. அவனுக்குப் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது.

6

இந்த இடத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். *அவள் கண்களில் நீர்* என்று ஒரு தடவை. *அவள் கைகள் நடுங்க* என்று ஒரு தடவை. பெஞ்சில் என்னிடம் சொன்னபோது கண்ணில் நீரும் இல்லை, கையும் நடுங்கவில்லை. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அதன் பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா வயச நான் தாண்டிட்டேன்யா. அவன் இன்னும் தாண்டல."

அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

தம்பியிடம் லேப் முடிவைத் திருப்பிச் சொன்னாள். உனக்குத்தான் நல்லா இறங்கியிருக்கு, எனக்குத்தான் மாவு போல என்றாள். அவன் உடனே, அப்படியென்றால் பழையபடி டப்பாவில் கொட்டு, பங்கு போடலாம் என்றான். வேண்டாம், சிஸ்டர் கண்ணில் படும் என்று வாயை அடைத்தாள். பிறகு அடுப்படியில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் பாட்டிலில் இருந்ததை அவன் பாட்டிலுக்கும், அவன் பாட்டிலில் இருந்ததைத் தன் பாட்டிலுக்கும் மாற்றினாள். பாட்டில் அதே, ஒட்டியிருந்த எண் அதே, உள்ளே இருக்கிற சரக்கு மட்டும் இடம் மாறியது. அன்றுமுதல் மாதா மாதம் அதே வேலை. அவன் முழுங்குவது அவளுடையது. அவள் முழுங்குவது மாவு.

நான் கேட்டேன், "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். நான் தரையில உக்காந்து மெஷின் மிதிக்கிறவ. அவன் அந்தரத்துல தொங்குறவன்."

[ஒரு சந்தேகம். லிப்டுக்குள் ஒரு நட்டு தளர்ந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் என்று தம்பியைப் பற்றி அவளே பெருமையாகச் சொன்னாள். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள் நடக்கிற இதைக் கண்டுபிடிக்காமலா இருந்தான்? அக்கா கையிலிருந்து வாங்கி முழுங்கிவிட்டுப் போகிற ஆம்பிளைகளை நானும் பார்த்திருக்கிறேன், எதையும் கவனிக்க மாட்டார்கள். சரி, நம்புகிறேன். முழுசாக இல்லை.]

7

இனி வருவது நிஜத்தில் முதலில் நடந்தது. கதையில் இங்கே வைக்கிறேன். ஏனென்றால் இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் உங்களுக்கு அதன் எடை தெரிந்திருக்காது.

அன்று அவள் முறை மட்டும்தான், தம்பிக்கு வேறு நாள். எங்களுக்கு எதிர்ப் பெஞ்சில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், பேச்சிலேயே பிரேக் கிடையாது. இரண்டு பேருமே ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள். சிஸ்டர் உள்ளே போன சமயம் அவர் எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "நாங்க ரெண்டு பாட்டிலையும் ஒண்ணாக் கொட்டிருவோம்ல. யாருக்குக் கிடைச்சாலும் குடும்பத்துக்குள்ளதான" என்றார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். பெஞ்சில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் சிரித்த சிரிப்பு, தானும் அதையே செய்கிறவர் சிரிக்கிற சிரிப்பு.

தையல்காரி சிரிக்கவில்லை. அதுவரை உலகத்திலேயே இந்தத் தந்திரம் தன் அடுப்படியில் மட்டும்தான் நடக்கிறது என்று நினைத்திருக்கிறாள்.

சேரும்போதே சிஸ்டர் சொல்லியிருந்தாள், மருந்து தேறிவிட்டால் சேர்ந்த எல்லோருக்கும், மாவு சாப்பிட்டவர்களுக்கும் சேர்த்து, நிஜ மருந்தை எழுதிக் கொடுப்பார்கள் என்று. தேறாவிட்டால்? தேறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள், யாருக்கும் கிடையாது. தேறுவது எப்படித் தெரியும்? மருந்துக்காரர்களுக்கு எவ்வளவு இறங்கியது, மாவுக்காரர்களுக்கு எவ்வளவு இறங்கியது என்று எதிரெதிரே வைத்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் இருந்தால் தேறியது.

இப்போது ஆராய்ச்சிக் கணக்கில் அவள் மருந்துக்காரி. அவளுக்கு ஏறுகிறது. அவள் தம்பி மாவுக்காரன். அவனுக்கு இறங்குகிறது. அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில் இரண்டும் ஒன்று. சிரித்தவர் வீட்டில் என்னவோ.

"வீட்டுக்கு ஒரு டப்பா இருந்தா, மருந்து நல்ல மருந்தா இருந்தாலும் பெயிலாயிரும்ல ஐயா?"

அதைத்தான் என்னிடம் கேட்டாள். கேட்பதற்காகத்தான் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொன்னால் இரண்டு பேரையும் இன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள், தம்பி வாய்க்குப் போகிற மருந்து இன்றோடு நின்றுபோகும். சொல்லாவிட்டால் நாளைக்கு மருந்தே இல்லாமல் போகலாம், தம்பிக்கும் இல்லை, அவன் பெண்ணுக்கும் இல்லை. அந்தக் குழந்தையின் குதிகாலை அவள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லையாம். பயமாம்.

மருந்துக் கம்பெனிகளை நான் நம்புகிறவன் இல்லை. நல்லது செய்கிறேன் என்று வருகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிற ஆள் நான். அதனால் என் மனசில் தோன்றிய முதல் பதில், "பெயிலானா ஆகட்டும் போ" என்பதுதான். வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

8

முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) *அவள் உள்ளே போய் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிஸ்டர் பேனாவை மூடி வைத்தாள். திட்டவில்லை. "ரெண்டு பேர் பாட்டிலையும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருங்கம்மா" என்றாள். சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அவனிடம், இத்தனை மாதமாக நீ சாப்பிட்டது என்னுடைய* 

இதற்கு மேல் போகவில்லை. அவன் என்ன செய்வான்? கத்துவானா, எழுந்து வெளியே போவானா? அக்காவின் உயிரை அக்கா கையாலேயே வாங்கித் தின்றிருக்கிறேன் என்று தெரிந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஆ) *அவள் சொல்லவில்லை. எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். புதுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சில வருஷம் கழித்து மருந்து தேறவில்லை என்று பேப்பரில் வந்தது.* 

இதை எழுதினேன், அடித்தேன். *தேறிவிட்டது என்று பேப்பரில் வந்தது* என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ஒரு வார்த்தையை மாற்றினால் ஊரே பிழைக்கிறது, மாற்றாவிட்டால் ஊரே சாகிறது. அவ்வளவு அதிகாரம் என் பேனாவுக்கு யார் கொடுத்தது? இந்தக் கதையிலேயே பாதி நிஜம், பாதி நான் கலந்த மாவு. எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் முடிவில் மாவைக் கலக்க மனசு வரவில்லை.

இ) இது என் மனைவியின் முடிவு. கண் மங்கிப்போன எனக்கு அவள்தான் எழுதியதைப் படித்துக் காட்டுவாள். படித்துவிட்டு, "தம்பிக்காரன் என்ன மடையனா? அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அக்கா மாத்தி வெச்சிட்டுப் போனதும் அவன் வந்து திரும்ப மாத்தி வெச்சிருப்பான். அவ மருந்த அவதான் சாப்பிட்டிருக்கா, பாவம், அவளுக்கே தெரியாது" என்றாள்.

அப்படி எழுதினால் யாரும் எதையும் திருடவில்லை, ஆராய்ச்சியும் கெடவில்லை, பாசத்துக்கும் குறைவில்லை. துவைத்து மடித்து இஸ்திரி போட்ட முடிவு. இது ரொம்ப வசதியாக இருக்கிறது, அதனால் நம்ப மாட்டேன் என்றேன்.

"வசதியா இருந்தா என்ன? யாருக்கு நஷ்டம்?"

"அவனுக்கு நஷ்டம். அப்ப அவன் மாவுதான தின்னுட்டிருக்கான்?"

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். பிறகு, "அக்கா பிழைச்சா போதும்னு நெனச்சிருப்பான்" என்றாள். காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் இலக்கிய விவாதம் முடியும். ஆனால் அன்று எனக்கு அது சட்டென்று இறங்கவில்லை. லிப்டின் நட்டுச் சத்தம் கேட்கிறவன் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். வசதியானது என்பதற்காக ஒன்று நடந்திருக்காது என்று சொல்ல முடியுமா? முடியாது. நடந்தது என்றும் சொல்ல முடியாது. அவள் அப்புறம் லேபுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லையாம். எதற்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

9

உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், இல்லையா? பார்த்ததைச் சொல்கிறேன். பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

சிஸ்டர் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். தையல்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

"என்னக் கேக்காதம்மா. நான் கையெழுத்தே போடாதவன்."

"அதனாலதான் கேக்குறேன்."

சொல்லிவிடு என்று ஒரு மனசு. வாயைத் திறக்காதே என்று ஒரு மனசு. இரண்டையுமே நான் நம்பவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஒரு ஆட்டல். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, உள்ளே போனாள்.

கதவில் மங்கல் கண்ணாடி. உருவம் தெரியும், முகம் தெரியாது. ஒரு உருவம் உட்கார்ந்தது. இன்னொரு உருவம் குனிந்து எதையோ எடுத்தது. சிஸ்டரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போய்ட்டிருக்காம்மா?"

எதிர்ப் பெஞ்சில் டிரைவிங் ஸ்கூல்காரர் கிளட்சைப் பற்றி யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த உருவம் அசையவில்லை.

நான் எழுந்துவிட்டேன்.

என்னைக் கோழை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். யோசித்துப் பாருங்கள், அவள் வெளியே வந்து "சொல்லிட்டேன்யா" என்றிருந்தால் நான் நம்பியிருப்பேனா? "சொல்லல" என்றிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா? இரண்டில் எதைச் சொன்னாலும், சும்மா என் மனசுக்குத் தகுந்த மாதிரி சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன். நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருத்தி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது.

பெஞ்சில் என் இடம் காலி. வேண்டுமானால் நீங்கள் வந்து உட்காருங்கள். கதவு எப்படியும் திறக்கும், அவள் எப்படியும் ஏதோ ஒன்று சொல்வாள். கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

லிப்ட் வரவில்லை. வந்திருந்தாலும் ஏறியிருப்பேனோ என்னவோ. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் படியில் இறங்கினேன். கீழே என் மனைவி, "என்ன, சேந்தாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். வெயிலில் அவளுக்கு முன்னால் நடந்தேன்.